ஓட்டுமேட்டில் வீரப்பன் தேடியது

எங்கள் உறுவையாறு கிராமத்தில் வீரப்பனைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எலும்பு துரை என்ற வெள்ளைக்காரரிடம் நாய் மாதிரி விசுவாசமாக உழைத்தவன் என்பார்கள் சிலர். வெள்ளைக்காரன் கூலியில் ருசி கண்டு கழனி வேலையை விட்டவன் என்பார்கள் சிலர். இரண்டும் பொய். அவன் துரைக்காக ஒரு கூடை மண்கூட அள்ளியதில்லை. கூலியை என்றைக்கும் எண்ணிப் பார்த்ததும் இல்லை. அவன் எதற்காக ஓட்டுமேட்டைத் தோண்டினான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கதை கட்டுவதுதான் நம் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலையாயிற்றே!

ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. காலால் மண்ணைக் கிளறினால் ஓட்டாஞ்சில்லு வரும், அதனால் அதற்கு ஓட்டுமேடு என்று பெயர். அந்தக் காலத்தில் அங்கே முள்ளும் பனையும்தான். பழைய காலத்துப் பிணங்கள் பெரிய மண் தாழிக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்று பயந்து, ஆடு மேய்ப்பவன்கூட அந்தப் பக்கம் போகமாட்டான்.

வீரப்பன் கூலிக்கு நாற்று நட்டு, அறுத்து, கரும்பு வெட்டிப் பிழைத்தவன். அப்பா அம்மா கிடையாது. கிருமாம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட ஓர் அக்கா, கண்ணையன் என்று ஒரு தம்பி. மனைவி காசம்மாள். சின்ன வயதில் கரும்பு வண்டியிலிருந்து விழுந்து அவளுடைய இடது முன்கை உடைந்திருந்தது. யாரோ மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. அந்தக் கையால் அவள் கூழ் கிண்டும்போது வீரப்பன் சும்மா இருக்கமாட்டான்.

"கூழும் கோணயாத்தான்டி இருக்கு."

"அப்டியா? நேரா கிண்டறவளாப் பாத்து இட்டாந்துக்க. நானா வேணான்னேன்?" என்பாள் அவள்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் அவளுக்கு வயிற்றில் தங்கியது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம். ஐப்பசியில் எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அடைமழை பிடித்தது, கூடவே வாந்திபேதியும் வந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே நாளில் விழுந்தார்கள். வீரப்பன் நினைவில்லாமல் கிடந்தான். அவன் கண் விழித்தபோது பாய் இருந்தது, பாயில் அவள் இல்லை.

எங்கள் ஊர்ப் பிணங்களை ஆற்றுக்கு அக்கரையில்தான் புதைப்பார்கள். அந்த வாரம் ஆறு கரை புரண்டு போனது. அக்கரையாவது இக்கரையாவது! செத்தவர்களைத் தனித்தனியாக ஓட்டுமேட்டிலேயே புதைத்துவிட்டார்கள். காசம்மாளைக் கண்ணையனும் பக்கத்து வீட்டுத் தணிகைவேலுவும் வேறு பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்துக் கண்ணையனும் பேதியில் போய்விட்டான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளை எங்கள் பக்கத்தில் அப்படியே புதைக்கமாட்டார்கள். மருத்துவச்சி வந்து வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துத் தனியாக வைப்பாள். தாய்க்கு ஒரு குழி, பிள்ளைக்கு ஒரு குழி. அதன்பிறகு அவள் பெயரில் வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்க வைப்பது. தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். அப்படி ஒவ்வொருவர் இறக்கும்போதும், செத்தவளின் வயிற்றுச் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதுவரைக்கும் அவள் உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல் நின்றுகொண்டே இருப்பாள்.

காசம்மாளுக்கு யாரும் வயிற்றைக் கீறவில்லை. மருத்துவச்சி வள்ளியம்மாள் பேதிக்குப் பயந்து வீட்டைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டாள். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் வீரப்பன் முதலில் போனது அவளிடம்தான்.

"கல்லாவது நட்டுட்றேன்."

"பிரிக்காம நட்டா கல்லுதான்டா நிக்கும். அவ சொம எறங்காது," என்றாள் வள்ளியம்மாள். "தாயி வேற புள்ள வேறன்னு ஆவணும்."

"இப்ப போயி எப்டி பிரிக்கறது? எலும்பாப் பூட்டிருக்குமே."

"எலும்பா இருந்தா இன்னா? பெருச ஒரு பக்கம் வையி, சிறுச ஒரு பக்கம் வையி. அதுக்கப்புறம் கல்லு நடு."

அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு. அவளைக் கண்டுபிடிக்க வேண்டும், பிரித்து வைக்க வேண்டும், கல் நட வேண்டும். சோறு, தூக்கம், மறுகல்யாணம் எதுவும் அதற்குப் பிறகு அவன் கண்ணில் படவில்லை.

எங்கே புதைத்தீர்கள் என்று தணிகைவேலுவைக் கேட்டான்.

"பனைக்குக் கெழக்கால," என்றான் அவன். மேட்டில் எத்தனையோ பனை. மழையில் அவனுக்கு எல்லாப் பனையும் ஒரே பனையாகத் தெரிந்திருக்கிறது.

"எவ்ளோ ஆழம்?"

"ஆழமாத்தான்டா வெட்னோம். மார் ஆழம். நரி கிரி வந்து நோண்டிடும்னு ஒந்தம்பிதான் விடாம வெட்னான்."

வீரப்பன் அதை அப்படியே நம்பினான். தம்பி அண்ணியை அரைகுறையாகப் புதைப்பானா? அவள்தானே அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள்.

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். இரண்டு குழி வெட்டுவதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு சர்க்காரின் கம்யூன் ஆபீசுக்குச் சொல்லாமல், அதுவும் பேதிப் பிணத்தை, கண்ட இடத்தில் புதைத்திருக்கிறோம். வெளியே தெரிந்தால் ஊருக்கே தண்டம் போடுவார்கள், வீடுகளைக் கொளுத்தினாலும் கொளுத்துவார்கள் என்று பயம். இனி ஓட்டுமேட்டைப் பற்றி எவனும் வாய் திறக்கக் கூடாது, எவனும் அங்கே மண் வெட்டக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். வீரப்பனைக் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். பிழைத்துக் கிடப்பவர்களுக்குத் தங்கள் கூரைதான் பெரிது. செத்தவள் நின்றுகொண்டிருந்தால் அவர்களுக்கு என்ன?

அவன் ஊரைப் பார்க்கப் பிடிக்காமல் கிருமாம்பாக்கத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே கரும்பு வெட்டினான். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு வில்லியனூர்க்காரன் பேச்சுவாக்கில் சொன்னான்:

"உங்க ஊரு மேட்டுல வெள்ளக்காரக் குடும்பம் ஒண்ணு எலும்பு தோண்டுதாமே?"

வீரப்பன் கத்தியைக் கரும்புக் கொல்லையிலேயே போட்டுவிட்டு ஊருக்கு நடந்தான்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். துரை பெயர் தெலார். ஆறடி உயரம். வெயிலில் வெந்து வெந்து எங்கள் செம்மண் நிறத்துக்கே வந்துவிட்டார். அவருடைய அப்பாவும் பிரான்சில் குகை குகையாகப் போய் எலும்பு தோண்டியவராம். துரையின் மனைவி, மதாம், துரையைவிடப் படித்தவள். நொறுங்கிய எலும்பைப் பசை போட்டு ஒட்டி, இது இத்தனை வயதுக்காரன், இந்தக் கையால் வேலை செய்தவன் என்றெல்லாம் சொல்லிவிடுவாள். மகள் எலீஸ், கல்யாண வயதுப் பெண், கிடைத்ததையெல்லாம் படமாக வரைவாள். குலத்தொழில் என்று நாம் சொல்வோமே, அவர்களுக்கு அது எலும்பு. 'மூணு தலைமுறையா பொணம் நோண்டற குடும்பம்டா, எவன் பொண்ணு குடுத்தானோ' என்று ஊரில் கிண்டல் செய்தார்கள்.

அவர்கள் தேடியது முதல் மனிதனை. ஓட்டுமேட்டின் அடியில், தாழிகளுக்கும் கீழே, சரளைக்கல் மண்ணில், கையால் செதுக்கிய கல் கோடாரிகள் கிடைத்தன. கணக்கே இல்லாத காலத்துக்கு முந்தியவை என்றார்கள். துரை ஒரு கோடாரியைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்காரர்களிடம் தமிழும் பிரெஞ்சுமாகக் கேட்பார்: "கோடாரி இருக்கு. இதைப் பிடிச்ச கை எங்க?" அந்தக் கையைத்தான் குடும்பம் மொத்தமும் தேடியது.

முதல் வருஷம் எங்கள் ஊர்க்காரன் ஒருவன்கூட வேலைக்குப் போகவில்லை. துரையிடம் பேய்க்குப் பயம் என்று சொல்லிவிட்டார்கள். உண்மையில் அது பேதிப் பிணத்தின் பயம், தண்டத்தின் பயம். துரை பட்டணத்திலிருந்து கூலியாட்களையும் ஒரு மேஸ்திரியையும் கூட்டிவந்து வேலையை முடித்துக்கொண்டார். வீரப்பன் வந்து சேர்ந்தது அடுத்த வருஷம் தை மாதம். அதற்குள் பட்டணத்து ஆட்கள் போய்விட்டார்கள், மேஸ்திரி சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

வீரப்பன் ஓட்டுமேட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கிழக்குப் பக்கம் முழுவதும் பனையும் முள்ளும் போய், முழங்கால் ஆழத்துக்குச் சீவி எடுத்து, களம் மாதிரி சமமாக இருந்தது. மேட்டின் தோலை உரித்திருந்தார்கள். தோல் என்பது அவர்கள் வார்த்தைதான். மேல் மண்ணில் நேற்றைய மனிதனின் குப்பைதான் இருக்கும், அதை மண்வெட்டியால் சரசரவென்று வழித்துக் கொட்டிவிட வேண்டும், அதற்குக் கீழேதான் துடைப்பமும் சல்லடையும் என்பது அவர்களுடைய முறை.

முழங்கால் ஆழம்தானே போயிருக்கிறது, அவள் மார் ஆழத்தில் அல்லவா இருக்கிறாள் என்று வீரப்பன் தன்னைத் தேற்றிக்கொண்டான். இருந்தாலும் மனது கேட்கவில்லை. துரையின் ஆளைத் தடுக்க ஊர்ப் பெரியவர்களுக்குத் துணிவில்லை; வேலைக்குச் சேர்ந்த கையோடு மதாமிடம் போய்க் கேட்டான். அவள் கூலிப் பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவள். அதனால் அவள் வாயில் எங்கள் பக்கத்துப் பேச்சுதான் வரும்.

"போன வருசம் இந்தக் கெழக்கால பக்கம் எதனா கெடச்சுதா மதாம்? எலும்பு கிலும்பு?"

மதாம் உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணும் இல்ல வீரப்பா. ஒண்ணும் கெடைக்கல. கெடச்சிருந்தா எங்க வூட்டுக்காரரு இந்நேரம் ஆடிக்கினு இருப்பாரு."

அவன் அன்றைக்குச் சிரித்தான். வெகுநாள் கழித்துச் சிரித்த முகத்தை ஊர் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

மதாமிடம் அவன் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சத்தியம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. மேட்டில் புதுப் பிணம் கலந்திருக்கிறது என்று தெரிந்தால், இடம் கெட்டுவிட்டது என்று துரை மூட்டையைக் கட்டிவிடுவார் என்று அவன் பயந்தான். துரை போனால் ஊர்க் கட்டுப்பாடு திரும்ப வந்துவிடும், மேட்டில் கை வைக்க முடியாது. துரை தோண்டினால்தான் அவனும் தோண்ட முடியும். ஆகவே வாயைப் பூட்டிக்கொண்டான். அவர்கள் தங்கள் தேடலுக்கு அவனை வைத்திருந்தார்கள், அவன் தன் தேடலுக்கு அவர்களை வைத்திருந்தான்.

அவன் வேலை செய்வதைப் பார்த்துக் குடும்பமே அசந்து போனது. ஒரு எலும்பு தட்டுப்பட்டால் போதும், மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மண்டியிடுவான். மூங்கில் சிம்பால் மண்ணைத் தள்ளுவான், வாயால் ஊதுவான். பிறந்த குழந்தையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைப்பான். எலும்பு கல் மாதிரி கனத்தால், அது காலம் காலமாகக் கிடந்து கல்லானது என்று முகம் விழுந்துவிடும். துரைக்கு நேர் எதிர். கனத்தால்தான் அவர் முகம் மலரும். இந்த வேடிக்கையை எலீஸ் மட்டும் ஒரு தடவை கவனித்து, "வீரப்பனுக்குப் பழைய ஆளுங்களப் புடிக்காது போல" என்று சிரித்தாள்.

ஒரு கோடையில் வடக்கு ஓரத்தில் ஒரு புது எலும்புக்கூடு வந்தது. இடுப்பில் வெள்ளி அரணா இருந்தது. பேதியில் செத்த கிழவர் ஒருவர். துரை குடும்பம் சாப்பிடப் போயிருந்த நேரம். வீரப்பன் கிழவரைக் கூடையில் அள்ளி, மேட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைத்து, கும்பிட்டுவிட்டு வந்தான். பயப்படவில்லை, சந்தோஷப்பட்டான். ஏனென்றால் கிழவர் மார் ஆழத்தில் இருந்தார். கிழவரையே இவ்வளவு ஆழத்தில் வைத்திருந்தால் கண்ணையன் அண்ணியை மட்டும் மேலாகவா வைத்திருப்பான்? கிழவரைப் புதைத்தது மழை வலுப்பதற்கு முன், திடமாக இருந்த நாலு மகன்கள் சேர்ந்து என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

வருஷங்கள் போயின. கிழக்குப் பக்கம் முடிந்து வடக்கு முடிந்தது. சுமைதாங்கிக்கு மூன்று கல்லை வானூரிலிருந்து வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் போட்டு வைத்திருந்தான். பெண் கொடுக்க வந்தவர்கள் அந்தக் கல்லைப் பார்த்தே திரும்பிப் போனார்கள்.

முப்பத்து நாலாம் வருஷம், ஆள் உயரத்துக்கு மேல் ஆழத்தில், சரளைக்கு நடுவில் வீரப்பனுடைய மூங்கில் சிம்பு ஒரு பல்லில் பட்டது. மண்டியிட்டு ஊதினான். பல்லோடு பல்லாக ஒரு தாடை வந்தது. கையில் எடுத்தான். கல் மாதிரி கனத்தது. அவள் இல்லை. அப்படியே துரையிடம் நீட்டினான். துரை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். மதாம் ஓடி வந்தாள், எலீஸ் ஓடி வந்தாள், மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு துரை வீரப்பனையும் இழுத்துக் கட்டிக்கொண்டார். அவனும் அழுதான். அவருக்குக் கிடைத்துவிட்டது, நமக்குக் கிடைக்கவில்லையே என்று அழுதான். நன்றிக் கண்ணீர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தாடை பாரீசுக்குப் போனது. பெரிய பெரிய படிப்பாளிகள் கூடிப் பார்த்தார்களாம். மனிதனும் இல்லை, மனிதனின் பாட்டனும் இல்லை, வெறும் குரங்கு என்று சொல்லிவிட்டார்களாம். 'கொரங்குத் தாடைக்குத்தானா குடும்பத்தோட அழுதீங்க' என்று ஊர் சிரித்தது. சிரிக்கக் கூடாது, ஆனால் சிரித்தது.

துரை அதற்குப் பிறகு ஆளாக இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டின் மேல் உட்கார்ந்திருப்பார். "இன்னும் கீழே வீரப்பா, இன்னும் கீழே" என்பார். வீரப்பனும் சரி என்று வெட்டுவான். முப்பத்தேழில் காய்ச்சல் கண்டு துரை செத்துப்போனார். பட்டணத்தில் வெள்ளைக்காரர் கல்லறையில் புதைத்தார்கள். எலீஸ் இனி எலும்பே வேண்டாம் என்று கப்பல் ஏறினாள். மதாம் மட்டும் பிடிவாதமாகத் தெற்கு மூலையைத் தோண்டினாள். வீரப்பனுக்கும் தெற்கு மூலைதான் பாக்கி இருந்தது.

தெற்கு மூலையிலும் இல்லை.

முப்பத்தொன்பதாம் வருஷம் பிரான்சில் சண்டை மூண்டது. தோண்டும் வேலைக்குப் பாரீசிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. புரட்டாசி மாதம், சம்பா நடவு முடிந்திருந்த நேரம், மதாம் மேட்டில் போட்டிருந்த வேலைக் கொட்டகையைக் காலி செய்தாள். மற்ற ஆட்களை அனுப்பிவிட்டாள். மரப்பெட்டிகளில் வைக்கோல் வைத்துக் கல்லும் எலும்பும் அடுக்கினாள். வீரப்பன் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பட்டப்பகல், கொட்டகைக்குள் பசை நாற்றம்.

"ஒண்ணு கேக்கணும் ஒன்ன," என்றாள் மதாம். "மத்த ஆளுங்கள்லாம் அறுப்பு வந்தா ஓடிடுவாங்க, பொங்கலு வந்தா ஓடிடுவாங்க. நீ மட்டும் ஒரு நாளும் போவல. எங்க வூட்டுக்காரருக்கு அது ஆச்சரியம். எலும்பு மேல உனக்கு அவ்ளோ ஆசையா?"

வீரப்பன் சுத்தியைக் கீழே வைத்தான். தோண்டுவது நின்றுவிட்டது, இனி யார் போனால் என்ன, யார் தண்டம் போட்டால் என்ன? இத்தனை காலமாகப் பூட்டி வைத்த வாயைத் திறந்தான். பேதி, மழை, கண்ணையன், வயிற்றுப் பிள்ளை, கல் எல்லாவற்றையும் சொன்னான்.

"கெழக்கு பாத்தாச்சி, வடக்கு பாத்தாச்சி, தெக்கும் பாத்தாச்சி. அவ எங்க பூட்டான்னு தெரியல மதாம். நீங்கதான் எலும்பு படிச்சவங்க. பத்து பன்னெண்டு வருசத்துல எலும்பு கரஞ்சி பூடுமா?"

மதாம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த வைக்கோல் அப்படியே இருந்தது. மெதுவாகக் கேட்டாள்: "அவளுக்கு இடது கை..."

"ஆமா. ஒடஞ்ச கை."

"இங்க," என்று மதாம் தன் முன்கையைத் தொட்டுக் காட்டினாள். "கோணலா சேந்துது."

வீரப்பன் எழுந்து நின்றுவிட்டான். "எங்க பாத்தீங்க?"

மதாம் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொதல் வருசம். தோல் உரிக்கும்போது. முழங்கால் ஆழம்கூட இல்ல. பொம்பள, வயித்துல சின்ன எலும்பு. புதுசு வீரப்பா, ரொம்பப் புதுசு. புதுச நாங்க வச்சிக்கறதில்ல."

முழங்கால் ஆழம்கூட இல்லை. வயிறு கழன்றுகொண்டிருந்த ஒரு பையனும், பயந்து செத்துக்கொண்டிருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரனும் கொட்டுகிற மழையில் வேறு எவ்வளவு வெட்டியிருப்பார்கள்? அதைத் தணிகைவேலு உண்மையாகச் சொல்லியிருக்கலாம். வெட்கத்துக்குப் பயந்து சொன்ன ஒரு பொய், ஒருவனைப் பதினோரு வருஷம் மண்ணுக்குள் தள்ளியது.

"நான் ஒங்கள கேட்டனே," என்றான் வீரப்பன். கத்தவில்லை. "வந்ததும் வராததுமா ஒங்களத்தான் கேட்டேன். எலும்பு கிலும்பு கெடச்சுதான்னு கேட்டேன்."

"கேட்ட."

"ஒண்ணும் இல்லன்னீங்க."

"ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னேன்." மதாம் முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்கு அது ஒண்ணும் இல்லதான் வீரப்பா. அன்னிக்கு எனக்கு அது ஒண்ணும் இல்ல."

பொய் இல்லை. அவளுக்கு வேண்டியது லட்ச வருஷத்து மனிதன். நேற்றுச் செத்த ஒரு கூலிக்காரி எப்படிக் கணக்கில் வருவாள்? முதல் மனிதனின் கையைத் தேடி வந்த குடும்பம், கையில் கிடைத்த மனுஷியைக் குப்பையோடு சேர்த்தது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் அவர்கள் மேல் கோபம் வருகிறது. பிறகு, அவர்களிடம் ஒரு வார்த்தை போய்ச் சொல்லாத ஊரை நினைத்தால், அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் போகிறது.

"எங்க போட்டீங்க?" என்றான் வீரப்பன்.

"மண்ணோட போச்சி. மோட்டார் வர்றதுக்கு ரோடு போட்டோமே, தாழ்வா இருந்த கழனிமேல. தோல் உரிச்ச மண்ணு மொத்தமும் அந்த ரோட்டுக்குத்தான் போச்சி."

அந்த ரோட்டில்தான் அவன் தினமும் நடந்து வந்தான். ஒவ்வொரு மழை முடிந்ததும் அந்த ரோட்டில் பள்ளம் விழுந்த இடங்களில் மண்ணைப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடிப்பது யார் வேலை? அவன் வேலை. துரையின் கார் குலுங்காமல் வரவேண்டும் என்று ஓங்கி ஓங்கி இடித்தது அவன்தான்.

"எல்லாமே ரோட்டுலயா?"

மதாம் தயங்கினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவளால் எதையும் மறைக்க முடியவில்லை. "அந்தக் கை எலும்ப மட்டும் எடுத்து வச்சேன். ஒடஞ்ச எலும்பு எப்டி கோணலா சேருதுன்னு படிக்கிற பசங்களுக்குக் காட்டலாம்னு. பாரீசுக்குப் போன பெட்டியில வச்சி அனுப்பிச்சேன். எழுதிக் கேக்கறேன் வீரப்பா. சண்ட முடிஞ்சதும் எழுதி..."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"கொழந்த ஆம்பளயா, பொம்பளயா மதாம்? எலும்பப் பாத்தா எல்லாம் சொல்லுவீங்களே."

"அவ்ளோ சின்ன எலும்புல அது தெரியாது," என்றாள் மதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளால் நிறுத்த முடியவில்லை. "நாங்க சரியா பாக்கவும் இல்ல."

வீரப்பன் கொட்டகையை விட்டு வெளியே வந்தான். வாசலிலிருந்து ரோடு தொடங்குகிறது. அதில் கால் வைக்கப் போனவன் தூக்கிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பக்கத்துக் கழனிக்குள் இறங்கினான். நடவு நட்ட கழனி, முழங்கால் சேறு. நாற்றை மிதித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, ஊர் வரைக்கும் சேற்றிலேயே போனான். நாற்று வீணாகிறதென்று கழனிக்காரன் கத்தினான். மதாம் வாசலில் வந்து நின்று ஒரு தடவை கூப்பிட்டாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் அவள் பெட்டிகளோடு பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பாரீசிலிருந்து எதுவும் வரவில்லை.

வீரப்பன் அதற்குப் பிறகு எட்டு வருஷம் உயிரோடு இருந்தான். கல் நடவில்லை. பெரிய எலும்பும் சின்ன எலும்பும் ஒன்றாக இடிபட்டுக் கிடக்கும்போது யாரை யாரிடமிருந்து பிரிப்பது? அந்த ரோடு ஊர்ப் பாதையாகிவிட்டது. புல்லுக்கட்டும் விறகுக்கட்டுமாகப் பெண்கள் அதில்தான் போவார்கள், வருவார்கள். வீரப்பன் கழனிச் சேற்றில் நின்றபடி அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவான்.

"எறக்கி வச்சிட்டுப் போங்கம்மா. கொஞ்சம் எறக்கி வச்சிட்டுப் போங்க."

நடுரோட்டில் யாராவது சுமையை இறக்குவார்களா? கிழவனுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று, இன்னும் வேகமாக நடந்து போவார்கள்.